‘எதுவரைக்கும்?’ என்று கேட்கப் பழகுதல்: எபிரேயப் புலம்பற் பாடல்களை வாசித்து மன்றாடும் முறை

திருகோணமலையில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் முப்பத்தோராம் நாள் ஜெபம் நடக்கும்போது, விறாந்தையில் கதிரைகளும் உள்ளே பாய்களும் போட்டு எல்லோரும் இருந்த பிறகு, வேதம் வாசிக்கும் பொறுப்பு யாருக்கு வந்தாலும் அவருடைய கை தானாக 23ஆம் சங்கீதத்தைத்தான் தேடிப் போகும். அந்தப் பாடலில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது சொல்லும் ‘அமர்ந்த தண்ணீர்கள்’ அண்டையில் இன்னும் வந்து சேராத ஒரு குடும்பத்தின் நடுவில் அதை வாசிக்கும்போது, வாசிப்பவருக்கு ஆறுதலாக இருக்கும் அளவுக்குக் கேட்பவருக்கு இருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், டச்சுக்குடாப் பக்கம் கடலுக்குப் போன மகன் திரும்பி வராத ஒரு வீட்டில், நான் 13ஆம் சங்கீதத்தைத் தெரிந்தெடுத்தேன். தெரிவு சரிதான். வாசித்த விதம்தான் பிழைத்தது. முதல் நான்கு வசனங்களையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, ‘என் இருதயம் களிகூரும்’ என்ற இடத்தில் குரலை உயர்த்தி, அதற்கு விளக்கமும் சொல்லத் தொடங்கினேன். மூலையில் பாயில் இருந்த ஆச்சி, ‘தம்பி, முதல் நாலு வசனத்தையும் திரும்ப வாசியுங்கோ. மற்றதுக்கு நான் இன்னும் வரேல்லை’ என்றார். எபிரேயப் புலம்பற் பாடல்களைப் பற்றி நான் அதுவரை படித்திருந்த எதுவும் அவ்வளவு சுருக்கமாக இருக்கவில்லை. இத்தகைய பாடல்களைத் தெரிவு செய்து, வாசித்து, அவற்றின் வழியே மன்றாட விரும்புகிறவர்களுக்காக, நான் பிழைவிட்டுக் கற்றுக்கொண்டவற்றைக் கீழே எழுதுகிறேன்.

யாரை நோக்கிய பாட்டு என்று முதலில் பாருங்கள்

எபிரேய வேதத்தில் துயரப் பாடல்கள் இரு வகைப்படும். ஒன்று ‘கினா’ எனப்படும் இரங்கற்பா. இறந்தவரைப் பற்றி, அல்லது இறந்தவரை நோக்கிப் பாடப்படுவது. நம்முடைய கையறுநிலையும் ஒப்பாரியும் இதற்கு நெருங்கிய உறவு. ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெண்களை அழைப்பது அங்கும் வழக்கமாக இருந்தது என்பதற்கு எரேமியா 9:17 சான்று. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களைப் ‘புலம்பற்காரிகள்’ என்றே அழைக்கிறது. சவுலும் யோனத்தானும் போரில் மாண்டபோது தாவீது பாடியது (2 சாமுவேல் 1:19–27) இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் கில்போவா மலைகளை நோக்கிப் பேசுகிறான், இஸ்ரவேலின் பெண்களை நோக்கிப் பேசுகிறான், ‘என் சகோதரனாகிய யோனத்தானே’ என்று செத்துக் கிடப்பவனை நோக்கியும் பேசுகிறான். ஆனால் அந்த ஒன்பது வசனங்களில் ஓரிடத்திலும் கடவுளின் பெயர் வருவதில்லை.

மற்றையது, உயிரோடிருப்பவர் தம் துன்பத்தைக் கடவுளிடமே கொண்டுபோய்க் கொட்டும் பாட்டு. நம் ஊர் வழக்கில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் ‘முறைப்பாடு’ என்பதே. பொலிஸ் நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ முறைப்பாடு எழுதிக் கொடுப்பவர், நடந்ததைச் சொல்லுவார், யாரால் நடந்தது என்று சொல்லுவார், இன்னது செய்து தரவேண்டும் என்று கேட்பார். அதிகாரியிடம் நியாயம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் அந்தப் படியை மிதித்திருக்கவே மாட்டார். 102ஆம் சங்கீதத்தின் எபிரேயத் தலைப்பு, அது துயருற்றவன் தன் முறையீட்டைக் கர்த்தருக்கு முன்பாக ஊற்றும் ‘தெஃபில்லா’, அதாவது மன்றாட்டு, என்று வெளிப்படையாகவே சொல்லுகிறது. முறையிடுவதும் ஜெபிப்பதும் அங்கே இரண்டு வேலைகள் அல்ல. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வகையைச் சேர்ந்தது என்பதை, துதிப்பாடல்களை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள் நம்பத் தயங்குவார்கள்.

கடவுளிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கோணேசர் கோயிலுக்குச் சம்பந்தர் பாடிய பதிகத்தைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அதே தேவார மரபில்தான், கண்ணிழந்த சுந்தரர் திருவாரூரில் ‘வாழ்ந்து போதீரே’ என்று இறைவனையே குத்திப் பாடியிருக்கிறார். அந்தக் குத்தலில் உள்ள உரிமையை அறிந்த தமிழ்க் காதுக்கு 44ஆம் சங்கீதத்தின் ‘ஏன் நித்திரைபண்ணுகிறீர்?’ என்ற கேள்வி புதிதாக இருக்கவேண்டியதில்லை.

புலம்பல் என்னும் நூல் இவ்விரு வகைகளையும் பின்னிக் கட்டியது. கி.மு. 587 அளவில் பாபிலோனியரால் எருசலேம் அழிக்கப்பட்டதன் பின்னணியில் எழுந்த அதன் ஐந்து பாடல்களில், முதலாவது செத்தவீட்டு ஒப்பாரியாகத் தொடங்கி, நடுவிலேயே ‘கர்த்தாவே, பாரும்’ என்று திசை மாறுகிறது. ஐந்தாவது முழுக்கவே மன்றாட்டு.

தெரிவு செய்தல்

வீட்டின் நிலைமைக்கேற்பப் பாடலைத் தேடுங்கள். நோய்க்கு 6 அல்லது 38. கூட இருந்தவரே கைவிட்டார் என்றால் 55. சொந்த ஊரையும் கோவிலையும் விட்டுத் தூரத்தில் இருப்பவருக்கு 42ஐயும் 43ஐயும் சேர்த்து, ஏனெனில் ஒரே பல்லவி இரண்டிலும் வருவதால் அவை முதலில் ஒரே பாடலாகவே இருந்திருக்கவேண்டும். ஊரே சேர்ந்து அழும் நாளுக்கு 74, 79, 80. நேரம் குறைவென்றால் 13 அல்லது 130.

ஒரு சிறு எச்சரிக்கை. நம் ஊரில் ஒரே குடும்பத்துக்குள் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் இருப்பார்கள்; ஒருவர் கையில் ‘திருப்பாடல்’, மற்றவர் கையில் ‘சங்கீதம்’. எந்த மொழிபெயர்ப்பு என்பதை முன்கூட்டியே பேசி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இலத்தீன் வரிசையைப் பின்பற்றிய பழைய ஜெபப் புத்தகங்களில் பெரும்பாலான பாடல்களின் இலக்கம் ஒன்று குறைவாக இருக்கும். 130 அங்கே 129. எபிரேயப் பதிப்பிலோ தலைப்பும் ஒரு வசனமாக எண்ணப்படுவதால், 13ஆம் பாடலின் முதற்கேள்வி இரண்டாம் வசனத்தில்தான் தொடங்கும்.

13ஆம் சங்கீதத்தை வாசிக்கும் விதம்

ஆறே வசனங்கள் கொண்ட இந்தப் பாடலை நன்றாக வாசிக்கப் பழகியவருக்கு ஏனையவை எளிதில் வசப்படும் என்பதால், இதில் சற்றுத் தங்குகிறேன். ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி இதில் நான்கு முறை வருகிறது. எபிரேயத்தில் அது ‘அத்-ஆனா’. நான்கும் ஒரே கேள்வி என்று எண்ணி ஒரே தொனியில் வாசிப்பதுதான் வழக்கமான பிழை. முதல் இரண்டும் கடவுளைக் கேட்கின்றன: என்னை மறந்திருப்பது எதுவரைக்கும், முகத்தை மறைப்பது எதுவரைக்கும். மூன்றாவது தன்னையே கேட்கிறது: என் மனதுக்குள் நானே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பது எதுவரைக்கும். நான்காவது பகைவனைப் பற்றியது. ஆகவே முதல் இரண்டையும் நிமிர்ந்து பார்த்து வாசியுங்கள். மூன்றாவதில் குரல் தானாகத் தாழட்டும், இரவில் நித்திரை வராமல் கிடப்பவரின் வரி அது. நான்காவதில் மீண்டும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு முழு மூச்சு விடுங்கள்.

முதற்கேள்வியின் எபிரேய மூலத்தில் ‘நெட்சாக்’ என்றொரு சொல்லும் உண்டு. ‘என்றென்றைக்கும்’ என்பது அதன் பொருள். ‘எதுவரைக்கும் மறந்திருப்பீர், என்றென்றைக்குமா?’ என்று ஒரே மூச்சில் வருகிறது. எல்லை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லையே இல்லையோ என்ற பயம் குறுக்கே பாய்கிறது. இலக்கணம் இடறும் இந்த இடத்தைச் சீர்ப்படுத்தி விளக்க முயலவேண்டாம்.

அடுத்து விண்ணப்பம்: பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும் என்று மூன்று வினைகள். இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, அங்கிருப்பவர்கள் தங்கள் சொந்த விண்ணப்பத்தை வாய்விட்டோ மனதுக்குள்ளோ சேர்க்க இடம் கொடுக்கலாம்.

பிறகுதான் திருப்பம். ஐந்தாம் வசனம் எபிரேயத்தில் ‘வஆனி’ என்று தொடங்குகிறது. ‘நானோ’ என்று நம் ஓகாரத்தால் சொல்வதற்கு அது அப்படியே ஒத்துப்போகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த ஓகாரம் இல்லாமல் ‘நான்’ என்றே இருக்கிறது. ‘நானோ’ என்னும்போது, சூழ்நிலை எதுவும் மாறவில்லை, பகைவன் அங்கேயே நிற்கிறான், ஆனாலும் நான் இந்தப் பக்கம் நிற்கிறேன் என்ற பொருள் ஒரே எழுத்தில் வந்துவிடுகிறது. நம்பப்படுவது ‘ஹெசெத்’, கிருபை என்றும் பேரன்பு என்றும் பெயர்க்கப்படும் இச்சொல், உடன்படிக்கையால் பிணைந்தவர் கைவிடமாட்டார் என்ற உறுதியைச் சுட்டுவது. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கக்கூடாது. அதைத் தீர்மானிக்கவேண்டியவர் அந்த வீட்டுக்காரர். தேவையானால் நான்காம் வசனத்தோடு நிறுத்திவிட்டு, மீதியை எட்டு நாட்களுக்குப் பிறகு போய் வாசித்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

நொண்டும் தாளம்

எபிரேயக் கவிதை எதுகை மோனையால் நடப்பதில்லை. ஓரடியில் சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லால் ஏந்திக்கொள்வதால் நடக்கிறது. 1753இல் ரொபர்ட் லௌத் என்ற ஆங்கிலேயர் இதை விரிவாக விளக்கிக் காட்டினார். இரண்டாம் அடி முதல் அடியின் வெறும் எதிரொலி அல்ல, பெரும்பாலும் ஒரு படி கூடவே போகும். ஆகவே இரட்டை அடிகளை இருவர் மாறி மாறி வாசிப்பதானால், இரண்டாமவர் குரல் சற்று அழுத்தமாக இருக்கவேண்டும்.

இரங்கற்பாவுக்கென்று தனித் தாளம் ஒன்றும் உண்டு. 1882இல் கார்ல் புட்டே என்ற ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டியபடி, அதன் முற்பாதியில் மூன்று அழுத்தங்களும் பிற்பாதியில் இரண்டும் இருக்கும். ஆமோஸ் 5:2 இப்படி ஒலிக்கிறது: ‘நாஃப்லா லோ-தோசிஃப் கூம் — பெதுலாத் யிஸ்ராயேல்’. விழுந்தாள், இனி எழாள். இஸ்ரவேல் என்னும் கன்னி. மூன்று எட்டு வைத்து, திரும்பவும் இரண்டு வைத்து, மூன்றாவதை எதிர்பார்க்கும்போது தரை இல்லாமற் போவதைப் போன்ற நடை இது. வெண்பாவின் ஈற்றடி முச்சீரோடு நின்றுவிடும்போது ஏற்படும் வெட்டு நம் காதுக்குப் பழக்கமானதுதான். அந்த வெட்டு அடிதோறும் வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். (ஆமோஸ் இதைப் பாடியபோது இஸ்ரவேல் என்னும் வட நாடு செழிப்பாகவே இருந்தது. உயிரோடிருக்கும் ஆளுக்கு ஒப்பாரி வைப்பதைப் போன்ற துணிச்சல் அது, கி.மு. 722இல் அந்நாடு வீழ்ந்தது.)

தமிழில் வாசிக்கும்போது இந்தத் தாளத்தை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் வேறொரு வழியில் அதை ஈடுகட்டியிருக்கிறார்கள். புலம்பலின் முதற்சொல் ‘எய்கா’. ‘எப்படி’ என்பது அதன் நேர்ப்பொருள். பழைய மொழிபெயர்ப்பு ‘எப்படி’யை விட்டுவிட்டு, ‘ஐயோ! ஜனம்பெருத்த நகரி தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே! விதவைக்கு ஒப்பானாளே!’ என்று பாடுகிறது. அந்த ‘ஏ’காரங்கள் நம் ஒப்பாரியிலிருந்து வந்தவை. மொழிபெயர்த்தவர் செத்தவீட்டில் காது கொடுத்துக் கேட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாசிக்கும்போது அந்த ஏகாரத்தை நீட்டுங்கள், வெட்கப்பட்டு விழுங்கிவிடாதீர்கள்.

இந்நூலின் அமைப்பையும் கேட்பவர்களுக்குச் சொல்லலாம். எபிரேயத்தில் 22 எழுத்துகள். 1, 2, 4ஆம் பாடல்களில் 22 வசனங்களும் ஆத்திசூடியைப் போல எழுத்து வரிசையில் தொடங்குகின்றன. நடுப்பாடலில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். ஐந்தாவதிலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அழுது அழுது ஒழுங்கு குலைந்த குரலாகவே அது எனக்குக் கேட்கிறது.

அலைச்சலும் வெள்ளமும்

எங்கள் மாவட்டத்தில் வாசிக்கும்போது சில சொற்கள் தனிக் கனம் பெறுகின்றன. 56ஆம் சங்கீதம் ‘என் அலைச்சல்களை எண்ணியிருக்கிறீர், என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்’ என்கிறது. எபிரேயத்தில் அலைச்சலுக்கு ‘நோத்’ என்ற சொல், தோல் துருத்திக்கும் ஏறக்குறைய அதே ஒலியுள்ள சொல். நம் மடக்கணியைப் போன்றது. எத்தனை ஊர் அலைந்தேனோ அத்தனையும் துளித்துளியாக அந்தத் துருத்திக்குள் கணக்கில் இருக்கிறது என்பது அதன் சாரம். 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக இருந்தவர்கள் நடுவில் இதை வாசித்தால், விளக்கம் கேட்பதற்கு ஆள் இருக்காது.

69ஆம் சங்கீதத்தில் வெள்ளம் ‘ஆத்துமமட்டும்’ வந்ததாகத் தமிழில் படிக்கிறோம். அங்குள்ள ‘நெஃபெஷ்’ என்ற சொல்லுக்கு உயிர் என்றும் தொண்டை என்றும் பொருள் உண்டு. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது என்று நாம் சொல்வதுதான். 2004 டிசம்பர் 26இன் நினைவுநாளுக்கு நான் இதைத்தான் தெரிவு செய்வேன், 42ஐ அல்ல. 42இன் ஏழாம் வசனம் ‘உமது அலைகளும் திரைகளும்’ என்கிறது. அலையைக் கடவுளுடையதாகச் சொல்லும் அந்த ‘உமது’, பாடியவர் தாமாகச் சொல்லிக்கொண்டது; பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு முன்னால் அதைச் சொல்ல வேறொருவருக்கு உரிமை கிடையாது. அவரே எடுத்து வாசித்தால் அது வேறு விடயம்.

பகைவர்கள் வரும் இடம்

இப்பாடல்களில் பகைவர் அடிக்கடி வருவார்கள், ஆனால் தனியாளின் புலம்பல்களில் அவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. அதனால்தான் நோயாளியும் கடன்காரனும் அகதியும் ஒரே பாடலைச் சொல்ல முடிகிறது. மூன்று இனத்தவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில், ஜெபம் நடத்துபவர் அந்த வெற்றிடத்தில் எந்தச் சமூகத்தின் பெயரையும் நிரப்பக்கூடாது, கண் சாடையால்கூட. 109ஐயும் 137இன் இறுதி வரிகளையும் பொதுக்கூட்டத்தில் வாசிக்க நான் துணிவதில்லை. ஆயினும் தனியே அவற்றைச் சொல்லி அழ வேண்டியவர் உண்டு என்பதையும், அந்தப் பழிவாங்கல் கடவுளிடம் ஒப்படைக்கப்படுகிறதே அன்றி, பாடுபவர் கத்தியை எடுப்பதில்லை என்பதையும் கேட்டால் மட்டும் சொல்லுகிறேன்.

முடிக்கும் விதம்

எல்லாப் புலம்பலும் நம்பிக்கையில் முடிவதில்லை. 88ஆம் சங்கீதத்தின் கடைசிச் சொல் ‘மஹ்ஷாக்’, இருள். அதைத் தெரிவு செய்தால் இருளோடேயே முடியுங்கள். உடனே கோரஸ் பாட எழும்பாதீர்கள். யூத மரபு இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. எருசலேம் ஆலயங்களின் அழிவை நினைக்கும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளில், விளக்கைக் குறைத்துத் தரையில் அமர்ந்து புலம்பல் முழுவதையும் வாசிக்கிறார்கள். ‘எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ’ என்ற 5:22உடன் நிறுத்த மனமில்லாமல், ‘எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும்’ என்ற 5:21ஐ மீண்டும் ஒருமுறை சொல்லி முடிக்கிறார்கள். புதிதாக ஒரு ஆறுதலைக் கொண்டுவந்து ஒட்டாமல், முன்பே கேட்ட விண்ணப்பத்தையே திரும்பக் கேட்பது நல்ல வழக்கம். எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் ஜெபங்களிலும் இதைச் செய்யலாம்.

கூட்டமாகப் பதில் சொல்ல 80ஆம் சங்கீதம் தோதானது. அதன் பல்லவி மூன்று முறை வரும்போது விளி நீண்டுகொண்டே போகிறது: முதலில் ‘தேவனே’, பிறகு ‘சேனைகளின் தேவனே’, கடைசியில் ‘சேனைகளின் தேவனாகிய கர்த்தாவே’. பதில் கிடைக்காத கதவை மேலும் பலமாகத் தட்டுவதைப் போல, மூன்றாம் முறை எல்லோரும் எழுந்து நின்று சொல்லலாம்.

சொந்தமாக ஒன்று கட்டுவதானால்

விளி, முறையீடு, விண்ணப்பம், நம்பிக்கை என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டு, முற்பாதிக்கு மூன்று சீரும் பிற்பாதிக்கு இரண்டு சீருமாக எழுதிப் பாருங்கள். ஊரில் உள்ள பொருட்களையே எடுங்கள். கேதுரு மரமும் லீபனோனும் வேண்டாம். டச்சுக்குடா வீட்டுக்காக நான் பின்னர் எழுதியது இது:

கடலை அறிந்தவரே, கேளும் — கரையில் நிற்கிறோம்.
வலையோடு போனவர் வரவில்லை — வாசல் இருண்டது.
எத்தனைநாள் விளக்கை ஏற்றுவோம் — எண்ணெயும் தீர்ந்தது.
எத்தனைநாள் பிள்ளை கேட்கும் — என்ன சொல்வோம்?
எழுந்தருளும், எங்களைப் பாரும் — இருள் நீக்கும்.
நாங்களோ உம்மையே கேட்கிறோம் — வேறிடம் இல்லை.

முதல் ஐந்து அடிகளிலும் மோனை எளிதாக வந்துவிட்டது. ஆறாம் அடிக்கு அமையவில்லை. அமைத்துப் பார்த்த மூன்று வடிவங்களும் நன்றிப்பாட்டாக மாறிவிட்டபடியால் அவற்றை அடித்துவிட்டேன். வாய்விட்டு வாசிக்கும்போது அந்த அடி சற்று இடறும், இடறட்டும்.